இரட்டைக் கூவல்

"என் பை எங்க?"

சதாவதி மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஹரக் சந்த் ரொட்டியைத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, காது கேளாதவர் போல ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். கடைசி வரிசையில் எவனாவது முணுமுணுத்துத் திட்டினால்கூட ஆள் யாரென்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பெயர் வாங்கியவர்.

"உங்களைத்தான் கேக்குறேன். ஆணியில மாட்டியிருந்த துணிப்பை. உள்ள என் கார்டு இருக்கு."

"பை அரிசி டின் மேல இருக்கு. எதுக்குக் காலங்காத்தால கத்துற?"

பை அங்கேதான் இருந்தது. உள்ளே ஆஸ்பத்திரி நோட்டும் கைக்குட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆனால் அவளுடைய படம் போட்ட நீல அட்டை இருந்த இடத்தில், ஓரம் மழுங்கிய ஒரு பச்சை அட்டை கிடந்தது. அதில் படம் கிடையாது.

"இது உங்க கார்டு."

"ஆமா. இனிமே அதைத்தான் கொண்டு போகணும். காசு போட்டிருக்கேன்."

"என் கார்டு எங்கங்க?"

"அந்த ஓசிக் கார்டைப் பத்திப் பேசாத." அவர் தேநீர்க் கோப்பையை மேசையில் தட்டி வைத்தார். "சனிக்கிழமை கூட்டாளிங்களோட கவா குடிக்கிற இடத்துல, ஆறரை பஸ் ஓட்டுற மோனீஷ் பய என்ன சொன்னான் தெரியுமா? பத்துப் பேர் முன்னாடி. 'அண்ணே, அண்ணி கார்டு இப்பல்லாம் ரெண்டு தடவை கூவுதே, என்ன விசேஷம்?'னான். எல்லாப் பயலும் தொடையைத் தட்டிச் சிரிக்கிறான். நான் கைபிடிச்சு கியர் போடச் சொல்லிக் குடுத்த பய அவன்!"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. விரல் போனது எனக்கு. அவங்களுக்கா போச்சு?"

"மானம் போனது எனக்கு."

வுனிகுராவிலிருந்து லம்பாசா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மெஷின் உண்டு. காசை நீட்டினால் வாங்கமாட்டார்கள். அட்டையைத்தான் காட்ட வேண்டும். காசு போட்ட அட்டை என்றால் மெஷின் ஒரு தடவை கூவும். முதியவர்களுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் அரசாங்கம் கொடுத்த சலுகை அட்டை என்றால் இரண்டு தடவை கூவும். எந்தப் புண்ணியவான் யோசித்துச் செய்ததோ, ஏறுகிறவள் ஓசியா இல்லையா என்று பஸ் முழுவதும் தலையைத் திருப்பாமலே தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. அந்த ஓசைக்கு உரியவர்களுக்கே ஓட்டுநர்கள் 'கூவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆலை வளைவில் மூணு கூவல் நின்னுச்சு, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன் என்பார்கள். கூவல் ஏறினால் அரசாங்கத்துக் காசு கம்பெனிக்கு என்றைக்கோ வரும். ஓட்டுநரின் அன்றைய வேலையை முதலாளி எடைபோடுவது ஒற்றைக் கூவலை வைத்துத்தான். ஆகவே கூவல்கள் நிற்கும் இடத்தில் பஸ் நிற்பதில்லை.

பஸ் நிற்காததால் சதாவதி இரண்டு செவ்வாய்க்கிழமைகளைத் தவறவிட்டிருந்தாள். சர்க்கரை வியாதி மார்ச் மாதமே அவளது வலது காலில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. இப்போது இடது குதிகாலில் ஒரு புண். ஓரம் கறுத்துவிட்டது. அதைப் பார்த்துக் கட்டுப்போடும் டாக்டர் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வருவார். ஆறரை பஸ்ஸை விட்டால் அடுத்தது பதினொரு மணிக்கு. அதற்குள் அவர் போய்விடுவார். போன வாரம் நர்ஸ் போன் செய்தாள். "ஆன்ட்டி, மூணாவது செவ்வாயும் வரலைன்னா, அப்புறம் வர்றப்போ காலை இங்கயே விட்டுட்டுத்தான் போகணும். பயமுறுத்தலை, உள்ளதைச் சொல்றேன்."

இன்றைக்கு மூன்றாவது செவ்வாய்.

"சரி, ஒண்ணு செய்யுங்க," என்றாள் சதாவதி. "நீங்களும் கூட வாங்க. உங்க தலையைப் பார்த்தா மோனீஷ் பிரேக் போடுவான்."

"நானா? அந்த மரத்தடியில, கூவல் கும்பலோட நின்னு கையைக் காட்டச் சொல்றியா?" ஹரக் சந்த் எழுந்து சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நான் டவுனுக்குப் போனா எஞ்சின் சீட்டுல போறவன். நான் கையைத் தூக்காமலே பஸ் நிக்கும். தெரியுமில்ல?"

தெரியும். ஓட்டுநருக்குப் பக்கத்தில், எஞ்சின் பெட்டிக்கு மேலே, மெத்தை போட்டு ஒரு இடம் உண்டு. பழைய ஓட்டுநர், போலீஸ்காரர், முதலாளியின் மைத்துனர் போன்றவர்கள் அதில்தான் உட்காருவார்கள். அவர்கள் ஏறும்போது மெஷின் ஒரு தடவையும் கூவாது, இரண்டு தடவையும் கூவாது. அதற்குப் பெயர் ஓசி இல்லை. அதற்குப் பெயர் மரியாதை.

சதாவதிக்கு நேரம் இல்லை. பச்சை அட்டையைப் பையில் போட்டாள், பையைக் கழுத்தில் மாட்டினாள், கம்பை எடுத்தாள். குதிகால் தரையில் படாமலிருக்க வெட்டி வைத்திருந்த ரப்பர் செருப்பில் காலை நுழைத்தபோது, கட்டுத் துணியிலிருந்து வந்த வாடை அவளுக்கே குமட்டியது.

வீட்டிலிருந்து நிறுத்தம் வரை கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதை. சாதாரணக் காலுக்குப் பத்து நிமிடம். அவளுக்கு அரைமணி. இந்த அரைமணி நேரத்தில் ஒவ்வொரு செவ்வாயும் அவளுக்கு அதே நினைவுதான் வரும். வேண்டாமென்றாலும் வரும்.

ஹரக் சந்த் வேலையிலிருந்த காலத்தில் ராத்திரிச் சாப்பாட்டின்போது கதை சொல்லுவார். ரசமாகச் சொல்லுவார். "காசு உள்ளவன் எப்பக் கையைத் தூக்குவான் தெரியுமா? பஸ் கிட்ட வந்தப்புறம், போனாப் போகுதுன்னு தூக்குவான். கூவல் இருக்கே, அது பஸ் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே தூக்கிடும். அங்கயே தெரிஞ்சுபோயிடும்!" என்பார். கம்பு இருந்தால் கூவல். மூட்டையைக் கீழே வைக்காமல் கட்டிக்கொண்டு நின்றால் கூவல். "ஆனா ஒண்ணு, கண்ணை மட்டும் பார்க்கவே கூடாது. கண்ணைப் பார்த்துட்டா கால் தானா பிரேக்குக்குப் போயிடும். அதுக்குத்தான் கறுப்புக் கண்ணாடி." ஒருநாள் ஒரு கிழவி பஸ்ஸின் பின்னால் மரவள்ளி மூட்டையோடு ஓடிவந்ததை நாற்காலியிலிருந்து எழுந்து நடித்தே காட்டினார்.

சதாவதி பருப்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் புண்ணின் வாடையைவிட அது மோசமாக நாறும்.

ஈரப்பலா மரத்தடியில் எல்லோரும் வந்திருந்தார்கள். தடிமனான கம்போடு கிழவர் இலியேசா. கரும்பு வெட்டில் ஒரு கையை இழந்த ஒருவர். கண் தெரியாத தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். இவர்கள் எல்லோரும் கூவல்கள். இவர்களோடு, பளிச்சென்று பூப்போட்ட சீருடையில், தலையில் பூத்துணி கட்டி, காதோரம் செம்பருத்தி செருகி நின்ற உலாமிலா கூவல் இல்லை. டவுனில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். காசு அட்டை வைத்திருப்பவள்.

பஸ்ஸை நிறுத்த இந்த நிறுத்தத்துக்காரர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தவள் சதாவதியேதான். ஓட்டுநர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கற்றதை எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். கூவல்கள் எல்லோரும் மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். கம்பு, மூட்டை எதுவும் வெளியே தெரியக் கூடாது. உலாமிலா மட்டும் சாலையோரம் நிற்பாள், போனைப் பார்த்துக்கொண்டு. பஸ் நன்றாகக் கிட்ட வந்த பிறகு, போனாப் போகுதென்று ஒரு கையைத் தூக்குவாள். பஸ் நின்றதும் எல்லோரும் வெளியே வந்து ஏறிக்கொள்ள வேண்டும். அறுபது வயதும் எழுபது வயதும் ஆனவர்கள், பழம் திருட வந்தவர்கள் போல மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். நின்று பார்த்தவர்களுக்கு வராது.

முதல் மூன்று மாதம் இது பலித்தது. பிறகு மோனீஷுக்குத் தெரிந்துவிட்டது. உலாமிலா படியில் கால் வைத்ததும் வண்டியை எடுக்க ஆரம்பித்தான். போன செவ்வாய் இலியேசா ஒரு காலைப் படியில் வைத்திருந்தபோதே எடுத்துவிட்டான். கிழவர் கம்பியை விட்டுச் சரளைக் கல்லில் விழுந்தார். முழங்கால் தோல் உரிந்து கிடந்தவரைப் பார்த்து, கடைசிச் சீட்டுப் பையன்கள் ஜன்னல் வழியே கையசைத்துவிட்டுப் போனார்கள். சதாவதி அன்றைக்கு அவருக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தாள்.

"புலா, ஆன்ட்டி," என்று வணக்கம் சொன்னாள் உலாமிலா. "கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. இன்னைக்குப் போகலைன்னா இருக்காது." சதாவதி பச்சை அட்டையை எடுத்துக் காட்டினாள். "பாரு, எங்க வீட்டு மகாராஜா தன் கார்டைக் குடுத்து அனுப்பியிருக்கார். ஒரே கூவலாம். மானம் காப்பாத்தணுமாம்."

"காசு கார்டா? அப்ப நல்லதாப் போச்சு. நீங்க எதுக்கு மரத்துக்குப் பின்னாடி போறீங்க? எங்கூடவே நில்லுங்க. ரெண்டு பேர் நின்னா அவனும் கொஞ்சம் கூட நேரம் நிறுத்துவான். அதுக்குள்ள இவங்க ஏறிடலாம்."

"ஆமா, போ," என்றார் இலியேசா மரத்துக்குப் பின்னாலிருந்து. "நீ இப்ப பெரிய ஆளு. கம்பை மட்டும் இங்க குடுத்துட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். சதாவதி கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு, உலாமிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் போய் நின்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் நிற்கிறாள். முதுகு தானாக நிமிர்ந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பின்னால் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பவர்களைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஒரு நிமிடம் அவளும் காசு அட்டைக்காரி. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது தெரிந்ததும், ச்சீ என்றிருந்தது.

பஸ் வளைவில் திரும்பியது. கண்ணாடி இல்லாத ஜன்னல்களின் தார்ப்பாய்களைச் சுருட்டிக் கட்டி, பாட்டு அலற வந்தது. கையை உடனே தூக்க வேண்டும் போல் அவளுக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். கிட்ட வந்த பிறகு, போனாப் போகுதென்று தூக்கினாள்.

பஸ் நின்றது.

உலாமிலா முதலில் ஏறி அட்டையைக் காட்டினாள். ஒரு கூவல். பிறகு சதாவதியைக் கைகொடுத்து ஏற்றினாள்.

"அடடே, அண்ணியா!" மோனீஷ் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தான். "வாங்க வாங்க. என்ன, முன்னாடி நிக்கிறீங்க? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

அவள் பச்சை அட்டையை மெஷினில் வைத்தாள். அது ஒரு தடவையும் கூவவில்லை, இரண்டு தடவையும் கூவவில்லை. அடிவயிற்றிலிருந்து முனகுவது போல நீளமாக ஒரு சத்தம் போட்டது. மறுபடி வைத்தாள். மறுபடியும் முனகல்.

மோனீஷ் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"இது அண்ணன் கார்டு! இதுல எங்க காசு இருக்கும் அண்ணி? அண்ணன் என்னைக்கு மெஷின் பக்கம் கையை நீட்டியிருக்காரு? வாங்கினதுலேருந்து இது ஒரு தடவைகூடக் கூவினதில்லை. செத்த கார்டு!"

காசு போட்டிருக்கேன் என்றாரே. முகத்தைப் பார்த்து, ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாரே. அவர் மானத்தைக் காப்பாற்ற வெறும் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, காலைக் காப்பாற்றும் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடம் இந்த ஆளுக்கா பருப்பு ஊற்றினோம் என்று சதாவதிக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் காட்டுறேன், இருங்க," என்று உலாமிலா தன் அட்டையை இன்னொரு முறை வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை.

"ஒரு நடைக்கு ஒரு கார்டு, ஒரு ஆள்," என்றான் மோனீஷ். "உனக்குத் தெரியாதா? அண்ணி, இறங்குங்க. பதினொரு மணி பஸ்ல உங்க கார்டை எடுத்துக்கிட்டு வாங்க."

"பதினொண்ணுக்குப் போனா டாக்டர் இருக்கமாட்டாரு, மோனீஷ். ரெண்டு வாரம் நீ நிறுத்தலை. இன்னைக்குப் போகலைன்னா காலை எடுத்துருவாங்க."

"நான் என்ன அண்ணி பண்றது? ரூல்னா ரூல்தான்."

அதற்குள் இலியேசா மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு கம்புகளோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். மோனீஷ் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டான். கியரைத் தட்டினான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

"சீக்கிரம் இறங்குங்க அண்ணி, அந்தக் கும்பல் ஏறிடும்."

"என்னம்மா இது, நேரமாகுதில்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கார்டு இல்லாம எதுக்கு ஏறணும்?" என்றது இன்னொன்று. இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டிருந்த ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். எஞ்சின் சீட்டில் சீருடைக் கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வறுத்த பட்டாணி தின்றுகொண்டிருந்தார்.

சதாவதி அவரையே பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்குறேன். நீங்க ஏறினப்போ மெஷின் எத்தனை தடவை கூவுச்சு?"

போலீஸ்காரர் மெல்லுவதை நிறுத்தினார். மோனீஷின் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணி, தேவையில்லாம வாயைக் குடுக்காதீங்க. கூவல் விஷயத்துல எங்கிட்ட கோவிச்சு என்ன பிரயோசனம்? எங்க நிறுத்தணும், எங்க நிறுத்தக் கூடாதுன்னு இந்தத் தொழிலை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். உங்க வீட்டு மேசையில உக்காந்துதான் கத்துக்கிட்டேன். நீங்கதான் சோறு போட்டீங்க. நீங்களும் சேர்ந்துதானே சிரிச்சீங்க?"

அது உண்மை. அந்தக் கிழவியின் மரவள்ளி மூட்டைக் கதையன்று மேசைக்கு அந்தப் பக்கம் இவனும் உட்கார்ந்திருந்தான்.

"சிரிச்சேன்," என்றாள் சதாவதி. "அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன்."

அவள் இறங்கவில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசலை அடைத்துக்கொண்டு, இடது காலை நீட்டிப் போட்டாள். பிறகு நிதானமாகக் கட்டுத் துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"கார்டு கேட்டியே, எடுக்குறேன்."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. துணி மஞ்சளாக ஊறிப் புண்ணோடு ஒட்டியிருந்தது. கடைசிச் சுற்றைப் பிரிக்கும்போது அவளே பல்லைக் கடித்துக்கொண்டாள். குதிகால் வெளியே வந்தது. வாடை எழுந்து முன்வரிசைகளை நிறைத்தது. யாரோ குமட்டினார்கள். யாரோ ஏசுவின் பெயரைச் சொன்னார்கள். பாட்டு மட்டும் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"இதுதான் என் கார்டு. படமும் இருக்கு. நல்லாப் பார்த்துக்க." அவள் காலை மெஷின் பக்கமாகத் தூக்கினாள். "எத்தனை தடவை கூவணும்னு நீயே சொல்லு. கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொல்லு."

மோனீஷ் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆனால் கை பாட்டை நிறுத்தியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருந்தது.

முதலில் எழுந்தவர் போலீஸ்காரர். பட்டாணிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூக்கைச் சுளித்து, பின்வரிசைக்கு நடந்தார். சட்டத்தைக் காப்பாற்றப் போகவில்லை. வாடை தாங்காமல் போனார். எஞ்சின் சீட்டு காலியானது. சதாவதி கம்பியைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் இரண்டு தத்துத் தத்தி, அந்த மெத்தையில் உட்கார்ந்தாள். கணவர் ஓய்வுபெற்ற பிறகு ஐந்து வருடமாகச் சவாரி செய்த மெத்தை. நடுவில் குழிந்து, சூடாக இருந்தது.

"ஏறுங்க பெரியவரே," என்றாள் வாசலைப் பார்த்து. "மெதுவா ஏறுங்க. வண்டி நிக்கும்."

இலியேசா இரண்டு கம்புகளையும் முதலில் உள்ளே போட்டார். பிறகு ஏறினார். நீல அட்டையை வைத்தார். கூ, கூ. ஒரு கையில்லாதவர் அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறி, கையால் எடுத்து வைத்தார். கூ, கூ. அந்தப் பெண், தங்கையின் கையைப் பிடித்து அவளையே வைக்கச் சொன்னாள். கூ, கூ. அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் உட்காரும் வரை பஸ்ஸில் வேறு சத்தம் இல்லை. அவர்கள்பால் இரக்கம் வந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

உலாமிலா குனிந்து, தன் தலையில் கட்டியிருந்த பூத்துணியை அவிழ்த்து, சதாவதியின் குதிகாலில் சுற்றினாள். அவளுக்கும் குமட்டியிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வேணாம்டி, உன் துணி வீணாப்போகும்."

"போனாப் போகுது ஆன்ட்டி," என்றாள் உலாமிலா.

டாக்டர் புண்ணை நெடுநேரம் பார்த்தார். கறுத்த ஓரத்தை வெட்டியெடுத்தார். இன்றைக்கு வந்ததால் கால் தப்பியது என்றார். இனி ஒரு செவ்வாய்கூட விடக் கூடாது, குறைந்தது பத்து வாரம் என்றார். "பஸ் வசதி இருக்கில்ல?" என்று நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். சதாவதி சிரித்துவிட்டாள். அவர் ஏனென்று புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

மாலை பஸ்ஸை வேறு ஓட்டுநர் ஓட்டினான். செய்தி அவளுக்கு முன்னால் டவுன் முழுக்கச் சுற்றி வந்திருந்தது போலும். அவள் படியில் கால் வைத்ததும் அவன் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, "போங்கம்மா, போய் உக்காருங்க, ஒண்ணும் காட்ட வேணாம்," என்றான். அட்டையைச் சொன்னானோ காலைச் சொன்னானோ தெரியவில்லை.

ஹரக் சந்த் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போதை தரும் கவா வேரை இடிக்கும் இரும்பு உரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூட்டாளிகள் வருவார்கள். மனைவி புதுக் கட்டோடு, முகம் வெளிறி, கம்பை ஊன்றி முற்றத்தில் வந்து நிற்பதைப் பார்த்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனை தடவை கூவுச்சு?"

சதாவதி கம்பைச் சுவரில் சாய்த்தாள். கழுத்துப் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"ஒரு தடவைகூடக் கூவலைங்க. போறப்பவும் கூவலை, வர்றப்பவும் கூவலை. எஞ்சின் சீட்டுல உக்காந்து, ஓசியில போயிட்டு வந்தேன். உங்களை மாதிரியே மரியாதையா."

அவர் பச்சை அட்டையை உரலுக்கு அடியில் தள்ளினார்.

"என் கார்டைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்தார். காலையிலிருந்து அங்கேயே இருந்ததால் வியர்வையில் நனைந்திருந்தது. அவள் அதை முந்தானையில் கவனமாகத் துடைத்தாள். துணிப்பைக்குள் போடவில்லை. கயிற்றில் கோத்து, படம் வெளியே தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

வேலிப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. கவா கூட்டாளிகள் வந்துகொண்டிருந்தார்கள், முன்னால் மோனீஷ்.

"உள்ள போ," என்றார் ஹரக் சந்த் அவசரமாக. "அதைக் கழட்டிட்டு உள்ள போ."

சதாவதி அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.